மெஷின் கிளம்பவில்லை, யாரோ கை வைத்த சந்தேகமும் இருக்கிறது: முதலில் என்ன செய்வது?

மூன்று வருடங்களுக்கு முன், ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. காலை ஒன்பதே முக்காலுக்கு எங்கள் ஊர் அச்சக முதலாளி ஒருவர் போன் செய்தார். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். "ஏம்மா, டிசைன் மெஷின் எந்திரிக்கவே மாட்டேங்குது. நீலக் கலரா என்னமோ வருது, அதுவா அணையுது, அதுவா எரியுது. போன மாசம் நின்னுட்டுப் போனான்ல, அந்தப் பய வேலைதான் இது. சாவிக்கு டூப்ளிகேட் போட்டு வச்சிருப்பான்."

சிவகாசியில் ஆனி மாதம் எப்படிப்பட்ட நேரம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்று வெளிவரும். அதுவரை டிசைன்களை யாருக்கும் காட்ட மாட்டார்கள். அந்த மெஷினில்தான் மொத்த ஆல்பமும் இருந்தது. அண்ணாச்சியின் பதற்றத்தில் நியாயம் இருந்தது. ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் அவர் அந்தப் பையனுக்கே போன் போட்டுக் கத்தித் தீர்த்திருந்தார்.

பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். இப்படி வரும் அழைப்புகளில் ஒரே குழப்பத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மெஷின் ஏன் கிளம்பவில்லை என்பது ஒரு கேள்வி. யாராவது அனுமதி இல்லாமல் அதைத் தொட்டார்களா என்பது இன்னொரு கேள்வி. இரண்டும் ஒரே நாளில் மனதில் எழுவதால் இரண்டுக்கும் ஒரே பதில் என்று நினைத்துவிடுகிறோம். ஒன்றுக்குப் பதில் கிடைத்தால் மற்றதும் தீர்ந்தது என்று விட்டுவிடுகிறோம். அந்தத் திங்கட்கிழமை மெஷினை வைத்தே, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். வரிசை மாறினால் தடயம் போய்விடும்.

பவர் பட்டனிலிருந்து கையை எடுங்கள்

சந்தேகம் வந்த அந்த நிமிடமே செய்ய வேண்டியது இதுதான்: மறுபடி மறுபடி ஆன் செய்யாதீர்கள். விண்டோஸ் இரண்டு மூன்று முறை கிளம்ப முடியாமல் போனால், தானாகவே பழுதுபார்க்கும் வேலையில் இறங்கிவிடும். டிஸ்க்கில் எழுதும், மாற்றும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளால் ஆன) டிஸ்க்காக இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. யாராவது கோப்புகளை அழித்திருந்தால், அழித்த இடத்தை எஸ்எஸ்டி மின்சாரம் கிடைக்கும்போதெல்லாம் தன் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் யாராலும் மீட்க முடியாது. "ரீசெட் திஸ் பிசி" என்று ஒரு வழி திரையில் தெரியும். அதைத் தொடவே தொடாதீர்கள்.

அடுத்து கைபேசியை எடுத்துப் படம் பிடியுங்கள். திரையில் வந்த செய்தியை வார்த்தை மாறாமல். பக்கத்தில் ஒரு கைக்கடிகாரமோ இன்னொரு போனோ வைத்து, நேரமும் ஒரே படத்தில் தெரியும்படி. பிறகு கேபினெட்டின் முன்பக்கம், பின்பக்கம், ஒவ்வொரு கேபிளும் செருகியிருக்கும் விதம், பக்கத் தகட்டின் ஸ்க்ரூக்கள். கீபோர்டு கேபிளின் முனையைத் தடவிப் பாருங்கள். கேபிளுக்கும் போர்ட்டுக்கும் நடுவில் கட்டைவிரல் அளவில் ஏதாவது கூடுதலாக மாட்டியிருந்தால் அது தட்டச்சு செய்வதையெல்லாம் பதிவு செய்யும் கருவியாக இருக்கலாம். அதைப் பிடுங்காமல் முதலில் படம் எடுங்கள்.

அதோடு ஒரு தாளில் எழுதிவையுங்கள்: கடைசியாக மெஷினை அணைத்தது யார், எத்தனை மணிக்கு, காலையில் முதலில் ஆன் செய்தது யார், அதற்குப் பிறகு யார் யார் என்னென்ன செய்தார்கள். மத்தியானம் ஆகிவிட்டால் இந்த ஞாபகங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அண்ணாச்சியின் டிசைன் அறை அச்சு மெஷின்களுக்கு அடுத்த அறை. ஆஃப்செட் அச்சில் ஒரு தாளின் ஈர மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டாமல் இருக்க, மாவு போன்ற ஒரு பவுடரைத் தூவுவார்கள். அது காற்றில் பறந்து எல்லாவற்றின் மேலும் படியும். அந்த கேபினெட்டின் மேலும் வெள்ளையாக, சீராக, மூன்று வாரத்துப் படிவு இருந்தது. மூன்று வாரம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், கடைசியாக அதைத் துடைத்தது நான்தான்.

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். நேராக அடித்தால் எதுவும் தெரியாது. பக்கத் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவிலும் பள்ளத்துக்குள்ளே பவுடர் அப்படியே இருந்தது. யாரும் திருப்பவில்லை. அதாவது கேபினெட்டைத் திறக்கவில்லை, டிஸ்க்கைக் கழற்றவில்லை. முன்பக்கம் இரண்டு யூஎஸ்பி வாய்கள். இடது வாயில் பவுடர் திட்டாக அடைத்திருந்தது. வலது வாய் மட்டும் சுத்தமாக இருந்தது, அதைச் சுற்றி விரல் நுனி அளவுக்குப் பவுடர் அழிந்திருந்தது.

ஆபரேட்டர் தங்கச்சியைக் கேட்டேன். "முன்னால இருக்கிற போர்ட்டு லூசுக்கா, நாங்க அதுல சொருகவே மாட்டோம். மேசை மேல இருக்கிற ஹப்புலதான் எல்லாமே" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொன்னாலும் அது அந்தப் பையன் தலையில் போய் விழும்.

பயோஸில் பாருங்கள், மாற்றாதீர்கள்

மெஷின் கிளம்பாமல் இருப்பதில் சில நிலைகள் உண்டு. பட்டனை அழுத்தினால் விசிறியே சுற்றவில்லை என்றால் ப்ளக், யூபிஎஸ், எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) பக்கம் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி போய்ச் செத்துக் கிடப்பதை வருடத்துக்கு நாலைந்து முறையாவது பார்க்கிறேன். விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு, பீப் சத்தம் வருகிறது என்றால் பெரும்பாலும் ராம் எனும் நினைவகப் பட்டை. கழற்றித் தங்க நிறப் பகுதியை ரப்பரால் துடைத்து மாட்டினால் சரியாகும். ஆனால் கை வைத்த சந்தேகம் இருந்தால், திறப்பதற்கு முன் ஸ்க்ரூக்களைப் படம் எடுத்தாயிற்றா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தால் டிஸ்க் செத்திருக்கலாம், டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிள் நழுவியிருக்கலாம், எதிலிருந்து கிளம்புவது என்ற பூட் வரிசை மாறியிருக்கலாம். அந்தத் திங்கட்கிழமை எங்களுக்கு வந்தது நீலத் திரையில் "இனாக்சசபிள் பூட் டிவைஸ்", அதாவது கிளம்ப வேண்டிய டிஸ்க்கை அடைய முடியவில்லை.

டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு மெஷினை ஆன் செய்து, டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயோஸுக்குள் போங்கள். விண்டோஸுக்கு முன்னால் எழுந்து மதர்போர்டின் அமைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் அது. டிஸ்க் கழன்றிருப்பதால் தவறிப் போய் விண்டோஸ் கிளம்பிவிடும் என்ற பயம் இல்லை. உள்ளே போனதும் முதலில் பார்க்க வேண்டியது தேதியும் நேரமும். யாரும் இதைப் பார்ப்பதில்லை. ஆனால் எனக்கு இதுதான் மிகப் பெரிய சாட்சி.

தேதி பல வருடம் பின்னால் போய், ஜனவரி 1 என்பது போல நின்றால், மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டது அல்லது யாரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள். அண்ணாச்சியின் மெஷின் அப்படித்தான் 2017 ஜனவரி 1 காட்டியது. சிஆர்2032 பேட்டரி. புதிதாக இருக்கும்போது மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். 2.7க்குக் கீழே போனால் நம்ப முடியாது. இதில் 2.31தான் இருந்தது.

பேட்டரி தீர்ந்தால் பல போர்டுகளில் பயோஸ் தன் பழைய, கம்பெனி வைத்த அமைப்புகளுக்குத் திரும்பிவிடும். அந்த போர்டில் சாட்டா அமைப்பு, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை, முதலில் ரெய்டு என்று இருந்தது. எஸ்எஸ்டி போட்டபோது நான் அதை ஏஹெச்சிஐ என்று மாற்றித்தான் விண்டோஸ் ஏற்றியிருந்தேன். இப்போது அது மறுபடி ரெய்டுக்குப் போய்விட்டது. டிஸ்க் நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் விண்டோஸுக்கு அதை அடையும் வழி தெரியவில்லை. அதனால்தான் நீலத் திரை.

ஏன் அன்றைக்கு? சுவரில் மின்சாரம் இருக்கும்வரை போர்டு அந்தப் பேட்டரியை அதிகம் எதிர்பார்க்காது. அண்ணாச்சி சனிக்கிழமை இரவு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவார். ஞாயிறு முழுக்க மின்சாரம் இல்லை. முந்தின ஞாயிறுகளை எப்படியோ தாண்டிய பேட்டரி இந்த ஞாயிறைத் தாண்டவில்லை. சரி, முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒரு புதுப் பேட்டரி போட்டு, சாட்டா அமைப்பை மாற்றி, தேதியைத் திருத்தினால் மெஷின் கிளம்பிவிடும்.

அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. "அப்ப யாரும் வரலையா?" என்றார். "பேட்டரி தீர்ந்தது மட்டும்தான் தெரியும் அண்ணாச்சி. வந்தாங்களா இல்லையான்னு இன்னும் பாக்கலை" என்றேன். இந்த இடத்தில்தான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். வலது யூஎஸ்பி வாயின் சுத்தத்தைப் பேட்டரியால் விளக்க முடியாது.

டிஸ்க்கின் நகல், டிஸ்க்கின் கணக்கு

மெஷினைக் கிளப்புவதற்கு முன் டிஸ்க்கை நகல் எடுங்கள். விண்டோஸ் ஒரு முறை கிளம்பினாலே ஆயிரக்கணக்கான இடங்களில் எழுதும். கழற்றிய டிஸ்க்கை யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் வேறு ஒரு மெஷினில் செருகுகிறேன். செருகியதும் டிஸ்க் தானாகத் திறந்துகொள்வதை (மவுன்ட்) முன்கூட்டியே நிறுத்திவிடுவேன். விண்டோஸ் மெஷினில் செருகினால் அது உடனே எதையாவது எழுதிவைக்கும், அதனால் வேண்டாம். பிறகு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக வெளி டிஸ்க்கில் எடுத்து, அதற்கு ஷா-256 ஹாஷ் போட்டு, அந்த எண்ணைத் தாளில் எழுதிவைப்பேன். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். நாளைக்கு யாராவது "நீங்களே மாத்திட்டீங்க" என்று சொன்னால் காட்டுவதற்கு இதுதான் ஆதாரம். அசல் டிஸ்க்கைக் கவரில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்தும் தேதியும். மெஷினுக்குள் புது டிஸ்க் ஒன்றில் நகலை இறக்கி மாட்டிவிட்டால் வேலையும் நிற்காது.

இதெல்லாம் வீட்டு மெஷினுக்குத் தேவையா என்றால், எப்போதும் தேவையில்லை. பணம், வழக்கு, வேலை நீக்கம், இவற்றில் ஏதாவது ஒன்று அந்த முடிவில் தொங்குகிறது என்றால் தேவை. உங்களால் செய்ய முடியாவிட்டால் டிஸ்க்கைத் தொடாமல் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒவ்வொரு டிஸ்க்கும் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை மின்சாரம் பெற்று எழுந்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். சந்தேகம் உள்ள டிஸ்க் என்றால் லினக்ஸ் மெஷினிலேயே பாருங்கள். விண்டோஸ் கிளம்பினாலும், பென் டிரைவில் இருந்து வேறு ஒன்று கிளம்பினாலும், டிஸ்க்கைக் கழற்றி அடுத்த ஊரில் செருகினாலும், எண் ஒன்று கூடும். சாதாரணமாக இதை யாரும் பின்னால் திருப்ப முடியாது. விண்டோஸ் பதிவுகளில் தெரியாத எழுச்சிகள் இதில் தெரியும்.

நான் சர்வீஸ் செய்யும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கார்டு வைத்து இந்த எண்ணை எழுதுவேன். அண்ணாச்சியின் டிஸ்க்குக்கு மூன்று வாரம் முன் 1,204. இப்போது 1,236. முப்பத்திரண்டு கூடியிருக்கிறது. மூன்று வாரத்தில் வேலை நாள் பதினெட்டு, தினம் ஒரு முறை ஆன் செய்கிறார்கள். என் அடாப்டரில் செருகியதற்கு ஒன்று. மீதி பதின்மூன்று. "காலையில எத்தனை தடவ ஆன் பண்ணிப் பாத்தீங்க?" என்று கேட்டேன். "பத்துப் பன்னெண்டு தடவ இருக்கும்கா" என்றாள் அந்தத் தங்கச்சி. பன்னிரண்டு என்றால் ஒன்று மீதம், பத்து என்றால் மூன்று, பதின்மூன்று தடவை என்றால் எதுவுமே மீதமில்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு அழுத்தல்கள் இல்லாமல் இருந்திருந்தால் இந்த ஒரு எண்ணே எங்களுக்குப் பதில் சொல்லியிருக்கும். பவர் பட்டனிலிருந்து கையை எடுங்கள் என்று நான் முதலில் சொன்னதன் காரணம் இதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மெஷின் ஸ்லீப் போய் எழுந்தாலும் இந்த எண் கூடலாம். வெறும் ரீஸ்டார்ட்டில் பெரும்பாலும் கூடாது. ஒன்றிரண்டு வித்தியாசத்தை வைத்து எந்த மனிதரையும் குறை சொல்லாதீர்கள்.

விண்டோஸின் நாட்குறிப்பு

நகலில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் வின்ஈவிடி, அதற்குள் லாக்ஸ். அங்கே சிஸ்டம், செக்யூரிட்டி என்று இரண்டு கோப்புகள் இருக்கும். வேறு மெஷினில் ஈவென்ட் வியூவரில் திறக்கலாம். ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும், பயப்பட வேண்டாம். சில எண்களை மட்டும் தேடுங்கள்.

சிஸ்டம் கோப்பில் 6005 என்றால் விண்டோஸ் எழுந்தது, 6006 என்றால் முறையாக அணைந்தது, 6008 என்றால் முறையில்லாமல் அணைந்தது. 41 வந்தால் அதுவும் மெஷின் முறையாக அணையாமல் மறுபடி எழுந்ததைத்தான் சொல்கிறது, பெரும்பாலும் மின்சாரம் திடீரென்று போயிருக்கும். 41ஐப் பார்த்துவிட்டு ஹேக்கிங் என்று அலறியவர்கள் உண்டு. நம் ஊர் கரன்ட்டுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். செக்யூரிட்டி கோப்பில் 4624 என்றால் யாரோ உள்நுழைந்தார்கள், 4625 என்றால் தவறான பாஸ்வேர்டு. 4624 எக்கச்சக்கமாக இருக்கும். அதில் லாகான் டைப் 2 என்பது மெஷின் முன் உட்கார்ந்து நுழைந்தது, 7 என்பது பூட்டிய திரையைத் திறந்தது, 10 என்பது தூரத்தில் இருந்து ரிமோட்டில் நுழைந்தது. 4720 என்றால் புதுப் பயனர் கணக்கு உருவானது. 1102 என்றால் செக்யூரிட்டி பதிவையே யாரோ அழித்திருக்கிறார்கள், அதைப் பார்த்தால் உட்கார்ந்து யோசியுங்கள். விண்டோஸ் ஓடும்போது பென் டிரைவ் முதல் முறையாகச் செருகப்பட்டிருந்தால், விண்டோஸ் ஃபோல்டரில் ஐஎன்எஃப் என்பதற்குள் செட்டப்ஏபிஐ டெவ் லாக் என்ற கோப்பில் அந்த நேரம் இருக்கும்.

அண்ணாச்சி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வரிகளை ஓட்டிக்கொண்டு வந்தேன். புதன்கிழமை இரவு 8:40க்கு முறையாக அணைந்திருக்கிறது. அடுத்த வரி, வியாழக்கிழமை விடியற்காலை 3:51க்கு எழுந்திருக்கிறது.

"பாத்தியா! மூணே முக்காலுக்கு வந்திருக்கான்!" அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார்.

"கொஞ்சம் உக்காருங்க அண்ணாச்சி" என்று அடுத்த வரிகளைப் பார்த்தேன். 3:52க்கு ஆபரேட்டரின் பாஸ்வேர்டில் உள்நுழைவு. சில நிமிடம் கழித்து கெர்னல்-ஜெனரல் என்ற பெயரில் 1 என்ற எண். கடிகாரம் மாற்றப்பட்டது என்று அதற்கு அர்த்தம். பழைய நேரத்துக்கும் புது நேரத்துக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம், கிட்டத்தட்ட நிமிட சுத்தமாக. அதில் உள்ள நேரங்கள் கிரீன்விச் நேரத்தில் எழுதப்பட்டிருக்கும், வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்.

ஆபரேட்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கே ஞாபகம் வந்துவிட்டது. "ஆமாக்கா, வியாழக்கிழமை நான் வந்து ஆன் பண்ணும்போது டைம் தப்பா காட்டிச்சு. நாந்தான் போனப் பாத்துச் சரி பண்ணேன்."

விடியற்காலை 3:51க்கு யாரும் வரவில்லை. அது காலை 9:21. தங்கச்சி வழக்கம்போல வேலைக்கு வந்த நேரம். கடிகாரம்தான் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்திருக்கிறது.

ஐந்தரை மணி நேரம் என்பது சும்மா ஒரு எண் இல்லை. இந்திய நேரத்துக்கும் கிரீன்விச் நேரத்துக்கும் உள்ள இடைவெளி அது. மதர்போர்டின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கும். லினக்ஸ் வழக்கமாக அதைக் கிரீன்விச் நேரமாக வைத்துக்கொள்ளும். பென் டிரைவில் இருந்து லினக்ஸைக் கிளப்பி, நெட் இணைப்பும் இருந்தால், அது இணையத்தில் சரியான நேரத்தை எடுத்து போர்டில் கிரீன்விச் நேரமாக எழுதிவிட்டுப் போகும். அடுத்து விண்டோஸ் எழுந்தால் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போகும், இப்படிச் சரியாக ஐந்தரை மணி நேரம் போகாது. ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், அவர்கள் இதைத் தடயமாக எடுக்கக் கூடாது. அண்ணாச்சியின் மெஷினில் விண்டோஸ் மட்டும்தான். எனக்கு இந்தத் தந்திரம் தெரிந்ததால், யாருடைய மெஷினையாவது என் லினக்ஸ் பென் டிரைவில் கிளப்ப நேர்ந்தால் முதலில் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுவேன். தடயம் தேடப் போய் நானே ஒரு தடயத்தை வைத்துவிட்டு வரக் கூடாது.

முன்பக்க யூஎஸ்பி வாய், ஐந்தரை மணி நேரம், இரண்டும் ஒன்று சேர்ந்துவிட்டன. அண்ணாச்சியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "புதன் ராத்திரி 8:40க்கும் வியாழன் காலை 9:21க்கும் நடுவுல, யாரோ பென் டிரைவ் சொருகி இந்த மெஷினை லினக்ஸ்ல கிளப்பியிருக்காங்க. நெட்டும் இருந்திருக்கு. எத்தனை மணிக்குன்னு தெரியாது. எதைக் காப்பி பண்ணாங்கன்னும் தெரியாது. யாருன்னு இந்த மெஷின் சொல்லாது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சாவி வீட்ல ஆணியிலதான் தொங்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியே போய் போன் பேசினார். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது. கூட்டுக் குடும்பம். அண்ணன் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், லீவுக்கு வந்திருந்தான். கல்லூரி ப்ராஜெக்டுக்கு உபுண்டு என்ற லினக்ஸ் வேண்டும், பெரிய மானிட்டரில் செய்யலாம் என்று புதன் ராத்திரி சாவியை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். கேட்டதும் ஒப்புக்கொண்டான்.

போன மாதம் நின்ற பையனுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அண்ணாச்சி அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். ஆனால் காலையில் அவன் புது வேலை இடத்தில் நாலு பேர் நடுவில் அந்த போனைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். அதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. மெஷினைத் திறப்பதற்கு முன் யார் பெயரையும் சொல்லாதீர்கள் என்று நான் இன்று வரை எல்லா இடத்திலும் கெஞ்சுவது அவனை நினைத்துத்தான்.

அன்னிய கை என்றே தெரிந்தால்

வீட்டுப் பையனாக இல்லாமல் இருந்திருந்தால் வேறு வேலைகள் இருந்திருக்கும். உரிமையாளர் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் நுழைவதும் தரவை நகல் எடுப்பதும் 2000ஆம் வருட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆவது பிரிவில் வரும், இழப்பீடு கேட்கலாம். அதையே மோசடி எண்ணத்தோடு செய்தால் 66ஆவது பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றத் தளத்திலோ புகார் கொடுக்கலாம். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். நிறுவனமாக இருந்தால், இப்படிப்பட்ட நுழைவை அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று வந்த உத்தரவு சொல்கிறது.

நீதிமன்றத்துக்குப் போனால் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி என்று வக்கீல்கள் சொல்வார்களே, 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய சாக்ஷ்ய அதினியமின் 63ஆவது பிரிவு. அந்தச் சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹாஷ் எண்ணுக்கு இடம் இருக்கிறது. முதல் நாளே ஹாஷ் எடுத்து எழுதிவைக்கச் சொன்னது இதற்கும் உதவும்.

அந்த மெஷினில் பயன்படுத்திய பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றுங்கள், ஆனால் வேறு மெஷினில் இருந்து மாற்றுங்கள். மெயில் முதலில், பேங்க் அடுத்து. சந்தேகப்பட்ட விண்டோஸைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்த முயலாதீர்கள். துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள்.

அடுத்த முறைக்கு

அண்ணாச்சி அறையில் அதற்குப் பிறகு நான் செய்தவை. டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரால் டிஸ்க்கைப் பூட்டினேன். பாஸ்வேர்டு மட்டும் இருந்தால் போதாது. பென் டிரைவில் லினக்ஸைக் கிளப்பினால் விண்டோஸ் பாஸ்வேர்டு எதையும் தடுக்காது, பிட்லாக்கர் தடுக்கும். ஆனால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி பீரோவில் வைக்க வேண்டும். பேட்டரி தீர்ந்து பயோஸ் மாறினால்கூட அது அந்த எண்ணைக் கேட்கும். எண் இல்லாவிட்டால் உங்கள் டிசைன் உங்களுக்கே கிடையாது. அந்த நீலத் திரையைப் பார்த்துவிட்டு யாரோ பூட்டிவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தவர்களும் உண்டு.

பயோஸுக்கு பாஸ்வேர்டு வைத்து, பென் டிரைவில் இருந்து மெஷின் கிளம்புவதை நிறுத்தினேன். பல டெஸ்க்டாப் போர்டுகளில் உள்ளே கை வைத்தால் இந்த பாஸ்வேர்டை அழித்துவிடலாம். அதனால் கேபினெட்டின் பின்பக்க வளையத்தில் ஒரு சின்னத் திண்டுக்கல் பூட்டும் போட்டேன். ஸ்க்ரூக்களின் மேல் ஜிகினா கலந்த நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. காய்ந்ததும் நெருக்கத்தில் படம். ஜிகினாத் துகள்கள் விழுந்த விதத்தை யாராலும் திரும்ப அதே மாதிரி போட முடியாது. 2013இல் ஹாம்பர்க் நகரில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் மாநாட்டில் இதைக் காட்டினார்கள். ஆபரேட்டர் தங்கச்சியின் கைப்பையிலேயே ஒரு பாட்டில் இருந்தது.

பேட்டரியை மூன்று வருடத்துக்கு ஒரு முறை கேட்காமலே மாற்றிவிடுகிறேன். சாவி இப்போது ஆணியில் இல்லை, பீரோவுக்குள் இருக்கிறது.

அப்புறம் சனிக்கிழமைதோறும் மெயினை அணைப்பதற்கு முன் அந்தத் தங்கச்சி டிஸ்க்கின் எண்ணைப் பார்த்து எனக்கு அனுப்புகிறாள். போன வாரம் வந்தது 2,158. முந்தின வாரம் 2,152. ஆறு வேலை நாள், ஆறு முறை. கார்டில் எழுதிக்கொண்டேன்.